அறுபது வினாடிக் கெடு: பிளாஸ்டர் புழுவும் வீட்டுக் கணினியின் பாதுகாப்பும்

2003 ஆகஸ்ட் 11 முதல், விண்டோஸ் எக்ஸ்பி இயங்கிய ஏராளமான வீட்டுக் கணினிகளின் திரையில் ஒரு சிறு அறிவிப்புப் பெட்டி தோன்றத் தொடங்கியது. ஆர்பிசி என்னும் சேவை எதிர்பாராமல் நின்றுவிட்டதால் கணினி நிறுத்தப்படுகிறது என்றும், திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்றும் அது சொன்னது. பக்கத்திலேயே அறுபதிலிருந்து வினாடிகள் குறைந்துகொண்டு வந்தன. கணினி அணைந்து மீண்டும் எழும். இணையத்தோடு இணைத்த சிறிது நேரத்தில் அதே பெட்டி மறுபடியும் வரும். இவ்வளவுக்கும் கணினியின் முன் அமர்ந்திருந்தவர் எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை, எந்தக் கோப்பையும் இறக்கவில்லை, சந்தேகத்துக்குரிய எந்தத் தளத்துக்கும் போகவில்லை. இணையத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

வீட்டுக் கணினிக்கு, வலையமைப்புப் போக்குவரத்தைச் சல்லடையிட்டுத் தடுக்கும் ஃபயர்வாலும் பாதுகாப்பு மென்பொருளும் தேவையா என்னும் கேள்வி வழக்கமாகப் பொதுப்படையாகவே விவாதிக்கப்படுகிறது. கவனமாக இருப்பவருக்கு எதுவும் வேண்டியதில்லை என்பார் ஒரு சாரார். விலை கொடுத்து வாங்கிய முழுத் தொகுப்பு இல்லாத கணினி கணினியே அல்ல என்பார் இன்னொரு சாரார். அந்தப் பெட்டியைத் தோன்றவைத்தது பிளாஸ்டர் என்று பெயர் பெற்ற ஒரு புழு, அதாவது யாரும் இயக்காமலே வலையமைப்பு வழியாகத் தானே பரவும் தீய நிரல். அதன் கதையை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது அந்த இரு தரப்பையும் ஒரே வாரத்தில் சோதித்துவிட்டது என்பதே. ஒரே ஓட்டை, ஒரே தாக்குதல், ஒரே காலம். ஆனால் கணினிகளில் இருந்த காப்புகள் வெவ்வேறு. எந்தக் காப்பு எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய நிகழ்வுகள் குறைவு.

நுழைந்த வழி

ஆர்பிசி என்பது ஒரு கணினியில் உள்ள நிரல் மற்றொரு கணினியில் உள்ள நிரலை அழைத்து வேலை வாங்குவதற்கான ஏற்பாடு. அலுவலக வலையமைப்புகளுக்காக உருவான இந்த வசதி, வீட்டுக்கு விற்கப்பட்ட எக்ஸ்பியிலும் தானாகவே இயங்கியது. கணினியின் சேவைகளுக்கு வெளியிலிருந்து வரும் எண்ணிட்ட வாயில்களுக்குப் போர்ட் என்று பெயர்; ஆர்பிசி 135 என்னும் போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருந்தது. கோரிக்கையோடு வரும் ஒரு பெயரின் நீளத்தைச் சரிபார்க்காமலேயே அதை நினைவகத்தில் எழுதியதுதான் அதிலிருந்த பிழை. அளவுக்கு மீறி நீண்ட பெயரை அனுப்பினால், ஒதுக்கிய இடம் வழிந்து, அனுப்பியவருடைய கட்டளைகளே இயங்கத் தொடங்கும். அந்தச் சேவை அப்போது இயங்குதளத்தின் உச்ச அதிகாரத்தோடு இயங்கியதால், நுழைந்தவருக்கும் அதே அதிகாரம் கிடைத்தது.

மைக்ரோசாஃப்ட் இதற்கான திருத்தத்தை 2003 ஜூலை 16 அன்றே, எம்எஸ்03-026 என்ற எண்ணோடு வெளியிட்டுவிட்டது. அந்த மாதக் கடைசியில் ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல் பொதுவெளியில் கிடைத்தது. புழு வந்தது ஆகஸ்ட் 11 அன்று. திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையில் 26 நாட்கள் இருந்தன. ஆனால் திருத்தங்கள் தாமாக இறங்கித் தாமாக நிறுவப்படும் வழக்கம் அன்று வீடுகளில் பரவியிருக்கவில்லை. தொலைபேசி மோடத்தில் இணைந்தவர்களுக்கு ஒவ்வொரு திருத்தமும் நீண்ட காத்திருப்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 26 நாட்கள் பெரும்பாலோருக்கு இல்லாத நாட்களே.

புழுவின் உடல் 6,176 பைட். தொற்றிய கணினியிலிருந்து அது ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். 135 போர்ட் திறந்திருந்தால் தாக்குதல் பொட்டலத்தை, அதாவது வலையமைப்பில் செல்லும் ஒரு சிறு தகவல் துண்டை, அனுப்பும். வெற்றி கிடைத்தால் 4444 போர்ட்டில் ஒரு கட்டளைத் திரையைத் திறந்து, எம்எஸ்பிளாஸ்ட் என்னும் கோப்பைத் தன்னிடமிருந்தே இழுத்துக்கொள்ளும்படி தாக்கப்பட்ட கணினிக்குச் சொல்லும். அதன் பிறகு, கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்குவதற்காக, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவகத்தில் தன் பெயரை எழுதிக்கொள்ளும். ‘விண்டோஸ் ஆட்டோ அப்டேட்’ என்பது அது அங்கே சூட்டிக்கொண்ட பெயர். திருத்தத்தை நிறுவாதவர்களைப் பார்த்துச் செய்த கிண்டல் என்றே அதைக் கொள்ளத் தோன்றுகிறது.

அறுபது வினாடிப் பெட்டி உண்மையில் புழுவின் நோக்கமே அல்ல. எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 2000க்கும் தாக்குதல் பொட்டலத்தில் வெவ்வேறு நினைவக முகவரிகள் தேவைப்பட்டன. எதிரே இருப்பது எது என்று கண்டறியும் திறன் புழுவுக்கு இல்லை. ஆகவே அது குத்துமதிப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. பெரும்பாலான நேரங்களில் எக்ஸ்பி என்றும், ஐந்தில் ஒரு முறை விண்டோஸ் 2000 என்றும் ஊகித்தது. ஊகம் தவறினால் தொற்று நிகழாது, ஆனால் ஆர்பிசி சேவை விழுந்துவிடும். அந்தச் சேவை விழுந்தால் எக்ஸ்பி தன்னைத்தானே மீண்டும் தொடங்கிக்கொள்ளும். எனவே, பெட்டி தோன்றிய எல்லாக் கணினியிலும் புழு குடியேறியிருந்தது என்று சொல்ல முடியாது. இந்த விவரம் அடுத்து வரும் ஒப்பீட்டுக்கு இன்றியமையாதது.

ஒரே வாரம், வெவ்வேறு கணினிகள்

முதலில், திருத்தம் நிறுவியிருந்த கணினிகள். ஃபயர்வால் இல்லாவிட்டாலும், ஆன்டிவைரஸ் இல்லாவிட்டாலும், பிளாஸ்டரால் அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. பொட்டலம் வந்தது, சேவை அதை நிராகரித்தது, அத்துடன் முடிந்தது. பாதுகாப்பு மென்பொருள் பற்றிய எந்த விவாதத்திலும் முதலில் வைக்கவேண்டியது இதைத்தான் என்றாலும், விற்பதற்கு இதில் எதுவும் இல்லாததால் இது கடைசியில்தான் பேசப்படுகிறது.

அடுத்து, திருத்தம் இல்லாமல் ஃபயர்வால் மட்டும் இருந்தவை. எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியானபோதே அதற்குள் ஒரு ஃபயர்வால் இருந்தது. இணைப்பின் பண்புகளைத் திறந்து, மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று, ஒரு சிறு கட்டத்தைக் குறியிட்டால் போதும். ஆனால் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே விற்கப்பட்டது. போட்டால் கோப்புப் பகிர்வும் அச்சுப்பொறிப் பகிர்வும் நின்றுவிடும் என்பதால், அது இருப்பதை அறிந்தவர்களிலும் பலர் அதைத் தொடவில்லை. குறியிட்டு வைத்திருந்தவர்களின் கணினியில், வெளியிலிருந்து கேட்காமல் வந்த 135 போர்ட் பொட்டலம் சேவையைச் சென்றடையவே இல்லை. ஓட்டை உள்ளே அப்படியே இருந்தது, ஆனால் அதைத் தொட வழியில்லை. விலை கொடுத்து வாங்கிய ஃபயர்வால்களும் இதே வேலையைத்தான் செய்தன. இந்தத் தாக்குதலைப் பொறுத்தவரை இலவசமாக உடன் வந்ததற்கும் வாங்கியதற்கும் வேறுபாடு இருக்கவில்லை.

ரௌட்டருக்குப் பின்னால் இருந்த கணினிகளும் இந்த வகையிலேயே சேரும். ஒரே பொது முகவரியை வீட்டிலுள்ள பல கருவிகள் பகிர்ந்துகொள்வதற்காக ரௌட்டர் செய்யும் முகவரி மாற்றம், பாதுகாப்புக்கென்று வடிவமைக்கப்பட்டதன்று. ஆயினும், உள்ளிருந்து யாரும் தொடங்காத உரையாடலுக்கு வெளியிலிருந்து பதில் போல ஒரு பொட்டலம் வந்தால், அதை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது, தெரியாததால் கைவிட்டுவிடும். மோடத்தை நேரடியாகக் கணினியில் செருகி, பொது முகவரியைக் கணினிக்கே பெற்றுக்கொண்டவர்கள்தான் பிளாஸ்டரின் முழு வீச்சையும் சந்தித்தார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: வெளியில் தொற்றிக்கொண்ட மடிக்கணினியை வீட்டு வலையமைப்பில் இணைத்தால், ரௌட்டர் அதைத் தடுக்காது, உள்ளுக்குள் ஒன்றையொன்று தாக்கும் போக்குவரத்து அதன் வழியாகச் சல்லடையின்றிச் செல்லும். கணினியிலேயே ஒரு ஃபயர்வால் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக, ஆன்டிவைரஸ் மட்டும் இருந்தவை. இங்கேதான் பலருக்குக் குழப்பம் ஏற்பட்டது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் புழுவின் அடையாளக் குறிப்பை விரைவாகவே வெளியிட்டன. அந்தக் குறிப்பைப் பெற்ற கணினிகள் எம்எஸ்பிளாஸ்ட் கோப்பு வட்டில் எழுதப்பட்டதும் அதைப் பிடித்து நீக்கின. ஆனால் தாக்குதல் நடந்தது கோப்பு வருவதற்கு முன்பே, நினைவகத்தில். கோப்பை நீக்கிய பிறகும் அடுத்த பொட்டலம் வரும், சேவை விழும், அறுபது வினாடி எண்ணத் தொடங்கும். மென்பொருள் ‘கணினி தூய்மையாக உள்ளது’ என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டிருக்க, அதே கணினி மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்துகொண்டிருந்தது. ஆன்டிவைரஸ் பழுதான மென்பொருள் என்பது இதன் பொருளன்று. அது காவல் காத்த இடம் வேறு, திருடன் வந்த இடம் வேறு.

நான்காவதாக ஒரு பிரிவு உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. விண்டோஸ் 98, மில்லேனியம் ஆகிய பழைய பதிப்புகள் இயங்கிய வீடுகளை பிளாஸ்டர் தீண்டவில்லை. அவை வேறு பல வகைகளில் பலவீனமானவை. ஆனால் இந்த ஓட்டை அவற்றில் இல்லை. ஒரு கணினிக்கு எவ்வளவு காப்பு வேண்டும் என்பது, வெளியுலகை நோக்கி அது எத்தனை சேவைகளைத் திறந்துவைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்றும் உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளிலும் மேக் கணினிகளிலும் ஃபயர்வால் அணைக்கப்பட்ட நிலையிலேயே வருவதற்கு இந்த வாதமே அடிப்படை. கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட் இல்லாத இடத்தில் மூடுவதற்கும் ஒன்றுமில்லை. பயனர் பின்னொரு நாள் ஒரு பகிர்வுச் சேவையை நிறுவும்போது அந்த வாதம் செல்லாததாகிவிடும் என்பதால், அவற்றிலும் ஃபயர்வாலைப் போட்டுவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

மீட்சியின் வரிசை

தொற்றிய கணினியைச் சீர்செய்வதில் இருந்த இடர்ப்பாடு, காப்புகளின் முன்னுரிமையை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. திருத்தத்தை இறக்க இணையம் வேண்டும். இணையத்தில் இணைந்தால் மீண்டும் தாக்கப்படும். இறக்கம் முடிவதற்குள் அறுபது வினாடி முடிந்துவிடும். கட்டளைத் திரையில் நிறுத்தத்தை ரத்து செய்யும் கட்டளையை இட்டு எண்ணிக்கையை நிறுத்தலாம் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் செய்தார்கள். முறையான வழி வேறு: இணைப்பைத் துண்டிப்பது, உள்ளமைந்த ஃபயர்வாலைப் போடுவது, அதன் பிறகு இணைந்து திருத்தத்தை நிறுவுவது, இறுதியாகப் புழுவை நீக்குவது. இந்த வரிசையை மாற்றினால் வேலை முடியாது. முதலில் புழுவை நீக்கிவிட்டு இணையத்துக்குப் போனவர்கள் மறுபடியும் தொற்றுக்கு ஆளானார்கள்.

பிளாஸ்டர் ஆகஸ்ட் 16 முதல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் அப்டேட் முகவரி ஒன்றைப் போக்குவரத்தால் மூழ்கடிக்கத் திட்டமிட்டிருந்தது. ஆனால் அது குறிவைத்தது, உண்மையான தளத்துக்குத் திருப்பிவிடும் ஒரு முகவரியை மட்டுமே. அந்தப் பெயரையே நிறுவனம் கைவிட்டது. தாக்குதல் வெறும் வெளியில் போய் முடிந்தது. ஆகஸ்ட் 18 அன்று வெல்சியா என்னும் மற்றொரு புழு கிளம்பியது. இதே ஓட்டை வழியாக நுழைந்து, பிளாஸ்டரை நீக்கி, திருத்தத்தை இறக்கி நிறுவுவது அதன் வேலை. உதவும் எண்ணத்தோடு எழுதப்பட்டதோ என்னவோ, அது கிளப்பிய தேடல் போக்குவரத்தால் பல வலையமைப்புகள் பிளாஸ்டரால் பட்டதைவிடக் கூடுதலாகப் பாடுபட்டன.

ஓராண்டு கழித்து

2004 ஏப்ரல் 30 அன்று சாசர் என்னும் புழு, வேறொரு விண்டோஸ் சேவையின் ஓட்டை வழியாக, 445 போர்ட்டில் ஏறக்குறைய இதே கதையை மீண்டும் நடத்தியது. திருத்தம் வெளியான நாளுக்கும் புழுவுக்கும் இடைவெளி 17 நாட்கள். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் என்னும் புழுவுக்கு 185 நாட்கள் இருந்தன, பிளாஸ்டருக்கு 26. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்தால், திருத்தம் நிறுவுவதைப் பயனரின் பொறுமைக்கு விட்டுவைக்க முடியாது என்பது விளங்கும். 2004இல், கணினிப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த சான்ஸ் (SANS) நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம், திருத்தமற்ற விண்டோஸ் கணினி ஒன்று நேரடியாக இணையத்தில் வைக்கப்பட்டால் தாக்கப்படுவதற்கு முன் சராசரியாகச் சுமார் 20 நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று கணித்தது. திருத்தங்களை இறக்கி முடிக்க அதைவிட அதிக நேரம் பிடித்தது.

2004 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு இந்த அனுபவத்தின் நேரடி விளைவு. ஃபயர்வால் இயல்பாகவே போடப்பட்ட நிலைக்கு வந்தது. கணினி எழும்போது வலையமைப்பு இயங்கத் தொடங்கியும் ஃபயர்வால் இன்னும் எழாமல் இருக்கும் சிறு இடைவெளியும் அடைக்கப்பட்டது. முந்தைய பதிப்பில் அந்த இடைவெளி இருந்தது என்பதே பலருக்கும் தெரியாது. ஆர்பிசி சேவை பெயர் தெரியாதவரின் அழைப்பை இயல்பாக ஏற்பது நிறுத்தப்பட்டது, அதன் அதிகாரமும் குறைக்கப்பட்டது. தானியங்கிப் புதுப்பிப்பைப் போடும்படி நிறுவலின்போதே வலியுறுத்தப்பட்டது. விற்பனையில் இருந்த தனி ஃபயர்வால்களின் முதன்மைப் பயன் அந்த ஒரே மாதத்தில் இயங்குதளத்துக்குள் போய்விட்டது என்று சொன்னால் மிகையாகாது.

எஞ்சியிருந்தது, வெளியே செல்லும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வசதி. விண்டோஸின் ஃபயர்வால் இன்றும் உள்வருவதை இயல்பாகத் தடுக்கிறது, வெளிச்செல்வதை இயல்பாக அனுமதிக்கிறது. தனி ஃபயர்வால்கள், ‘இந்த நிரல் இணையத்தை அணுக முயல்கிறது, அனுமதிக்கலாமா?’ என்று கேட்டன. தீய நிரல் ஒன்று தகவலை வெளியே கடத்துவதைப் பிடிக்க இது உதவும் என்பது கோட்பாடு. நடைமுறையில், புரியாத கோப்புப் பெயரோடு நாளொன்றுக்குப் பலமுறை அந்தக் கேள்வியைச் சந்திக்கும் பயனர், சில நாட்களில் படிக்காமலேயே அனுமதிக்கப் பழகிவிடுகிறார். அதிகாரம் பெற்ற தீய நிரலோ, ஏற்கெனவே அனுமதி பெற்ற உலாவியின் வழியாகவே வெளியே போகும், அல்லது ஃபயர்வாலையே அணைத்துவிடும். கேள்விகளைப் படித்துப் பதில் சொல்லும் பொறுமை உள்ளவருக்கு அது பயனுள்ள கருவி. மற்றவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன்.

காவலே ஓட்டையானபோது

பாதுகாப்பு மென்பொருளைக் கூட்டிக்கொண்டே போவதில் இழப்பு ஒன்றுமில்லை என்ற எண்ணத்தைச் சோதிக்க, 2004 மார்ச்சில் பரவிய விட்டி என்னும் புழுவை எடுத்துக்கொள்ளலாம். பிளாக்ஐஸ் என்னும் ஃபயர்வாலும், அதே நிறுவனத்தின் பிற பாதுகாப்புப் பொருட்களும் இருந்த கணினிகளை மட்டுமே அது தாக்கியது. வரும் பொட்டலங்களைத் தீயவையா என்று ஆராயும் பகுதியில்தான் பிழை. அரட்டை நெறிமுறை ஒன்றின் பொட்டலத்தைப் படிக்கும்போது நினைவகம் வழிந்தது. பிழை பொதுவில் அறிவிக்கப்பட்ட ஏறக்குறைய ஒரு நாளில் புழு வந்தது. சுமார் 12,000 கணினிகள் அதற்கு இரையாயின. அவற்றில் பெரும்பாலானவை முதல் முக்கால் மணி நேரத்திலேயே வீழ்ந்தன. பிளாஸ்டரைப் போல அது கணினியை மீண்டும் தொடங்கவைத்து நிறுத்திக்கொள்ளவில்லை. பரவிக்கொண்டே வட்டில் கண்ட இடத்தில் குப்பையை எழுதி, சேமித்திருந்தவற்றைச் சிதைத்தது. பாதுகாப்பில் அக்கறை கொண்டு ஒரு ஃபயர்வாலை வாங்கி நிறுவியவர்கள் மட்டுமே பாதிக்கப்பட்டார்கள், அக்கறையற்ற அண்டை வீட்டார் தப்பினார்கள்.

இது தனித்த நிகழ்வன்று. ஆன்டிவைரஸ் என்பது எங்கிருந்தோ வரும் எல்லா வகைக் கோப்புகளையும் உயர்ந்த அதிகாரத்தோடு பிரித்துப் படிக்கும் நிரல். தாக்குபவருக்கு அதைவிடக் கவர்ச்சியான இலக்கு கிடைப்பது அரிது. 2016இல், மென்பொருள்களில் பாதுகாப்புப் பிழைகளைத் தேடும் கூகுள் புராஜெக்ட் ஜீரோ குழுவின் டேவிஸ் ஆர்மண்டி, ஆன்டிவைரஸ் நிறுவனமான சிமான்டெக்கின் பொருட்களில் கண்டறிந்த பிழைகளில் ஒன்றுக்கு, தீய கோப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தாலே போதும், பயனர் அதைத் திறக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. விண்டோஸில் அந்தப் பகுப்பாய்வு இயங்குதளத்தின் கெர்னல் என்னும் மையப் பகுதியிலேயே நடந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் எந்திரத்திலும் இதே இயல்புடைய பிழை கண்டறியப்பட்டு, சில நாட்களில் திருத்தப்பட்டது. ஆகவே உடன் வருவது மட்டும் மாசற்றது என்ற முடிவுக்கும் இடமில்லை.

தவறான அடையாளம் காண்பதும் ஒரு சேதமே. 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட 5958 எண் கொண்ட அடையாளக் கோப்பு, எக்ஸ்பியின் இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் என்று கருதி அகற்றியது. பாதிக்கப்பட்ட கணினிகள் இணைப்பை இழந்து, மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தன. பெரும் பாதிப்பு அலுவலகங்களில்தான் என்றாலும், படிப்பினை வீட்டுக்கும் பொருந்தும். உயர் அதிகாரத்தோடு இயங்கும் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே கணினியில் ஒருசேர ஓடவிடுவது காப்பை இரட்டிப்பாக்காது; ஒன்றின் வேலையை மற்றொன்று தாக்குதலாகக் கருதும் வாய்ப்பைத்தான் உண்டாக்கும்.

அழைத்து உள்ளே வருபவை

பிளாஸ்டர் நிகழ்வு எதைச் சோதிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பயனரின் கையால் இயக்கப்படும் தீய நிரல்களைப் பற்றி அது எதுவும் கூறாது. 2000 மே 4 அன்று பரவிய ஐலவ்யூ, காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த நிரல் கோப்பு. அதைத் திறந்தவர்களே அதைப் பரப்பினார்கள். மின்னஞ்சலைப் பயனரின் கணினியே கேட்டு வாங்குவதால், ஃபயர்வாலின் பார்வையில் அது அனுமதிக்கப்பட்ட உரையாடல். இன்று வீட்டுக் கணினிகளுக்கு நேரும் தீங்குகளில் பெரும்பகுதி இந்த வகையே: போலி உள்நுழைவுப் பக்கங்கள், இலவசமாகக் கிடைக்கும் திருட்டு மென்பொருளோடு ஒட்டிவரும் கடவுச்சொல் திருடிகள், உதவி மையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைக்கட்டுப்பாட்டு நிரலை நிறுவவைக்கும் அழைப்புகள்.

இவற்றில் ஆன்டிவைரஸ் பயன்படும் இடம் உண்டு. ஏற்கெனவே அறியப்பட்ட தீய கோப்பை அது பிடிக்கும். அறியப்படாததை அதன் நடத்தையைக் கொண்டு ஓரளவு ஊகிக்கும். ஆனால் தொலைக்கட்டுப்பாட்டு நிரல் சட்டப்படியான மென்பொருள். போலிப் பக்கத்தில் தட்டச்சிடப்படும் கடவுச்சொல்லில் கோப்பே இல்லை. அங்கே காப்பது, முகவரி பொருந்தாத தளத்தில் தானாக நிரப்ப மறுக்கும் கடவுச்சொல் நிர்வாகியும், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும்தான். அன்றாட வேலைகளை நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்கில் செய்வது நுழைந்துவிட்ட நிரலின் எல்லையைக் குறுக்கும். எல்லாம் தோற்றபின் கைகொடுப்பது, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றிவைக்கப்படும் வட்டிலுள்ள நகல். செருகியபடியே இருக்கும் வட்டையும் மிரட்டிப் பணம் கேட்கும் நிரல்கள் மறையாக்கிவிடும்.

இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்த்தல்

2017 மே 12 அன்று, கோப்புகளை மறையாக்கிப் பணம் கேட்ட வானாக்ரை என்னும் புழு பரவியபோது பிளாஸ்டரின் சோதனை மறுபடியும் நடந்தது. 445 போர்ட்டில் இயங்கிய கோப்புப் பகிர்வுச் சேவையின் ஓட்டை. திருத்தம் 59 நாட்களுக்கு முன், மார்ச் 14 அன்று வெளியாகியிருந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை திருத்தம் நிறுவாத விண்டோஸ் 7. ஆனால் இம்முறை செய்திகளில் நிறைந்திருந்தவை மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும். தானியங்கிப் புதுப்பிப்பும், போடப்பட்ட ஃபயர்வாலும், ரௌட்டரும் சேர்ந்து சாதாரண வீட்டுக் கணினியை அந்தப் பாதையிலிருந்து பெரும்பாலும் அகற்றியிருந்தன.

எனவே கேள்விக்கு என் விடை இரு பகுதியானது. வீட்டுக் கணினிக்கு ஃபயர்வால் கட்டாயம் தேவை, ஆனால் அதைத் தேடிப்போய் வாங்கவேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. இயங்குதளத்தோடு வந்தது போடப்பட்டிருக்கிறதா என்பதையும், பொது இடங்களின் வைஃபையில் இணையும்போது அந்த வலையமைப்பு ‘பொது’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். ஏதோ ஒரு விளையாட்டு இயங்கவில்லை என்பதற்காக ஃபயர்வாலையே அணைப்பது வழக்கமாகக் காணப்படும் தவறு. அந்த ஒரு நிரலுக்கு மட்டும் விலக்கு அளிப்பதே போதுமானது. ஆன்டிவைரஸும் விண்டோஸில் தேவை; 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் அது இயங்குதளத்தின் பகுதியாகவே வருகிறது, அண்மைக் காலத்தில் சார்பற்ற நிறுவனங்கள் நடத்தும் சோதனைகளில் விலைக்கு விற்கப்படுபவற்றோடு ஒப்பிடத்தக்க மதிப்பெண்களையும் பெற்றுவருகிறது. விலை கொடுத்து வாங்கும் தொகுப்பு கூடுதலாகத் தருவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, பல கருவிகளுக்கு ஒரே நிர்வாகம் போன்ற வசதிகளையே. அவை தேவைப்படுவோர் வாங்கலாம். புதுக் கணினியோடு வரும் சோதனைக்காலத் தொகுப்பைக் காலாவதியானபின் அப்படியே விட்டுவைப்பதைவிட, அதை நீக்கிவிட்டு உள்ளமைந்ததை இயங்கவிடுவது நல்லது.

ரௌட்டர் மீதும் ஒரு கண் வேண்டும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அப்படிப்பட்ட கருவிகளைக் கொண்டு டைன் (Dyn) நிறுவனத்தின் பெயர்ச் சேவை, அதாவது தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை, தாக்கப்பட்டு, பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமல் போயின. கணினியில் இருந்த எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் அந்தக் கருவிகளைப் பார்க்கவே இல்லை. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல், ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தல், நிரல்கள் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ள உதவும் யூபிஎன்பி வசதி தேவையில்லையெனில் அணைத்தல் ஆகிய மூன்றும் ஒருமுறை அமர்ந்து செய்யவேண்டியவை. ஐபிவி6 என்னும் புதிய இணைய முகவரி முறை பரவும் வீடுகளில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைப்பதால், முகவரி மாற்றம் தற்செயலாகத் தந்துவந்த காப்பு அங்கே இல்லை. ரௌட்டரில் உள்வரும் ஐபிவி6 போக்குவரத்தைத் தடுக்கும் அமைப்பு போடப்பட்டிருப்பதைத் தனியே உறுதிசெய்யவேண்டும்.

கடினமானது, திருத்தமே இனி வராத கணினிகளின் நிலை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. பிளாஸ்டர் வாரத்தில் ஃபயர்வால் செய்தது, திருத்தம் வந்து சேரும்வரை அவகாசம் தந்தது மட்டுமே. அப்படிப்பட்ட கணினியில் புதிதாக ஓர் ஆன்டிவைரஸை வாங்கி நிறுவுவதால் அந்த அவகாசம் நீளாது. நீட்டிக்கப்பட்ட திருத்தங்களைப் பெறும் வழி இருந்தால் அதில் சேரலாம். வன்பொருள் இடம் தந்தால் புதிய பதிப்புக்கோ ஆதரவு உள்ள லினக்ஸுக்கோ மாறலாம். இவை எதுவும் இயலாதபோது, வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அந்தக் கணினியில் திறக்காமல், இணைய இணைப்பைக் கழற்றி, தட்டச்சுக்கும் பழைய கோப்புகளுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.